கதவில்லாத மருந்தகமும் துணைக் கேள்விகளும்

போன வாரம் பென்ஷன் விஷயமாகத் தாலுகா கச்சேரிக்குப் போயிருந்தேன். ஓர் இளம் குமாஸ்தா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, "ஆமாங்க சார்... இல்லைங்க சார்... கேள்வி எழலைங்க சார்" என்று எழுதியபடியே சொல்லிக்கொண்டிருந்தார். சட்டசபை நடக்கிறது என்று புரிந்துகொண்டேன். போனை வைத்ததும், "அரை மணி நேரத்துல பதில் வேணுமாங்க. உங்க காலத்துல எப்படிங்க சமாளிச்சீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மறுபடி போன் அடித்தது. அவர் காதில் வாங்காமல் விட்ட பதிலை இங்கே எழுதிவைக்கிறேன். கச்சேரி எது, வருஷம் எது, மெம்பர் யார் என்று மட்டும் சொல்லமாட்டேன். கேட்டதற்குக் குறைவாகப் பதில் சொல்வது எனக்குக் கைவந்த கலை.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, கையெழுத்து நன்றாக இருந்த ஒரே காரணத்தால் காப்பி எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். மூன்று வருஷம் அடுத்தவர் எழுதியதைப் பார்த்து எழுதினேன். அதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: ஒரு காகிதம் மேலே போகப் போக, அதைப் படிக்கிறவர்கள் குறைந்துகொண்டே போவார்கள், கையெழுத்துப் போடுகிறவர்கள் கூடிக்கொண்டே போவார்கள். தப்பும் தவறுமாக நான் எழுதிய ஒரு வாக்கியம் கலெக்டர் ஆபீஸ் வழியாக சென்னைப் பட்டணம் வரை ஒரு கமா கூட மாறாமல் போய்ச் சேர்ந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்போது எங்கள் பக்கம் சேலம் ஜில்லாவில் இருந்தது. முப்பதுகளின் கடைசியில் புது மந்திரிசபை வந்தது. சட்டசபை மெம்பர்கள் கேள்வி கேட்கலாம், மந்திரிகள் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். மந்திரிக்கு எங்கள் ஊர் எப்படித் தெரியும்? அந்தக் கேள்வி, மந்திரியின் இலாகாவிலிருந்து கலெக்டருக்கும், கலெக்டரிடமிருந்து தாசில்தாருக்கும், தாசில்தாரிடமிருந்து எனக்கும் வந்து சேரும். மேலே சிவப்புச் சீட்டு ஒட்டியிருக்கும். சிவப்புச் சீட்டு வந்தால் சாப்பிட்ட கையைக் கழுவ நேரமில்லாமல் உட்கார வேண்டும். ஆக, மெம்பர் கேட்டது மந்திரியை, மாட்டிக்கொண்டது நான். எல்லாம் இங்கிலீஷில்தான் நடந்தது. படிக்கிறவர்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

தாசில்தார் நரசிங்க ராவ். வீட்டில் கன்னடம், கச்சேரியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். ஒல்லியான மனிதர். நீலப் பென்சில் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. 'மிகவும்' என்று எழுதினால் அடிப்பார். 'வருத்தத்துடன்' என்றால் இரண்டு கோடு போட்டு அடிப்பார். "உன் வருத்தம் யாருக்கு வேணும்ப்பா? இருக்கா, இல்லையா, அதைச் சொல்லு" என்பார். பதில் மூன்று வகை: ஆம், இல்லை, கேள்வி எழவில்லை. ஒரு கேள்விக்கு (அ), (ஆ) என்று பல பகுதிகள் இருக்கும்; முதல் பகுதிக்கு 'இல்லை' என்று சாதித்துவிட்டால், 'அப்படியானால் ஏன்?' என்று வரும் மற்றப் பகுதிகள் எல்லாம் எழாமல் படுத்துக்கொள்ளும். அப்படிப் படுக்கவைப்பதில் ராவ் சூரர்.

டிராஃப்ட் தயாரானதும் ஓர் ஒத்திகை உண்டு. வேறு எந்தக் கச்சேரியிலும் இப்படி இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ராவ் அங்கவஸ்திரத்தைச் சரியாகப் போட்டுக்கொண்டு மேஜைக்குப் பின்னால் எழுந்து நிற்பார். அவர் மந்திரி. நான் எதிரே நின்று மெம்பர். அவர் பதிலைக் கம்பீரமாகப் படிப்பார். நான் துணைக் கேள்வி கேட்டு அவரை மடக்க வேண்டும். சபையில் ஆளைக் கவிழ்ப்பது கேட்ட கேள்வி இல்லை, பதிலைக் கேட்டுவிட்டு அந்த இடத்திலேயே எழுந்து கேட்கிற துணைக் கேள்விதான். நான் மடக்கிவிட்டால் டிராஃப்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதச் சொல்வார். மடக்க முடியாவிட்டால் கன்னடத்தில் "ஆய்த்து", அதாவது முடிந்தது, என்று கையெழுத்துப் போடுவார். ஒருமுறை மாஜிஸ்திரேட் கோர்ட்டைப் பற்றி ஒரு கேள்வி: இரண்டு கட்சிக்காரர்களும் சாட்சிகளும் ஒரே புளியமரத்தடியில் காத்திருப்பதால் சாட்சிகள் கலைக்கப்படுகிறார்களா? நான் 'மரம் பெரியது' என்று எழுதினேன். ராவ் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். இன்னொருமுறை, பாப்பாரப்பட்டிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்புக்கும் ஒரே வாத்தியாரா என்று கேட்டார்கள். 'எந்த வகுப்பும் வாத்தியார் இல்லாமல் இல்லை' என்று எழுதினேன். அதற்கு மட்டும் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஒரு மாசி மாதம் நெரிஞ்சனள்ளி மருந்தகத்தைப் பற்றிச் சிவப்புச் சீட்டு வந்தது. பென்னாகரத்துக்கு அப்பால் காட்டோரத்தில் இருக்கிற ஊர் அது. (அ) அந்த மருந்தகம் தினமும் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது? (ஆ) டாக்டர் பதவி உண்டா? (இ) இல்லையானால் ஏன்? நேரில் பார்த்துவிட்டு வா என்று ராவ் அனுப்பினார்.

பஸ்ஸில் பாதி, நடையில் பாதி. போய்ப் பார்த்தால் ஓடு வேய்ந்த ஒரே அறை. உள்ளே ஒரு மேஜை, மூன்று புட்டி, நாலு ஆடு. கம்பவுண்டர் ஆடுகளை ஓட்டிவிட்டு, "வாங்க வாங்க. கதவத் தட்டாமயே வரலாமுங்க" என்றார். அப்போதுதான் கவனித்தேன், நிலை இருந்தது, கதவு இல்லை. எலெக்‌ஷன் சமயத்தில் கூட்டத்துக்கு மேடை போடக் கழற்றிக்கொண்டு போனார்களாம், திரும்பி வரவில்லை. இப்போது கேள்வி கேட்ட மெம்பர் அந்தக் கதவின் மேல் நின்றுதான் ஓட்டுக் கேட்டிருக்கிறார். தாம் நின்றது மருந்தகத்துக் கதவு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"டாக்டர் எங்கே?"

"பதவி இருக்குதுங்க. ஆளுதான் வரலை. அடுத்த ஊர் டாக்டரு கூடுதல் பொறுப்பாப் பாக்கறாருங்க. மாசம் ஒருக்கா வந்து ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போவாரு."

வெளியே ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மாதப்பன் என்று பெயர். ராகி, சாமை போடுகிற குடியானவர். மெம்பரிடம் போய்ச் சொன்னவர் அவர்தான். அவருடைய மகள் கெம்பம்மாளுக்குப் போன வருஷம் பிரசவ வலி எடுத்து இரண்டு நாள் ஆகியும் குழந்தை இறங்கவில்லை. கட்டிலில் போட்டு நாலு பேர் இந்த மருந்தகத்துக்குத் தூக்கிவந்தார்கள். பார்க்க ஆளில்லை. பெரிய ஊருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குழந்தை வழியிலேயே போய்விட்டது. மகள் பிழைத்தது பெரும்பாடு.

"இப்ப மறுக்காவும் மூணு மாசமுங்க சாமி. ஆவணியில ஆவும். அதுக்குள்ளாற ஒரு நர்சம்மாவப் போட்டுருவாங்களா? போன தடவையே அவ வூட்டுக்காரன் எங்கிட்ட, உங்க மவ பொழச்சதே மிச்சம்னான். இந்தத் தடவ என்ன சொல்லுவானோ."

எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். என் பெண்டாட்டிக்கும் பிரசவம் அதே ஆவணிக் கணக்குத்தான். திரும்பி வரும் வழியெல்லாம் பதிலை மனசுக்குள் எழுதி எழுதி அடித்தேன். உள்ளதை உள்ளபடி எழுதினால் ராவ் நீலப் பென்சிலால் அடித்து, 'பதவி உண்டு. கடைசிப் பகுதிக்குக் கேள்வி எழவில்லை' என்று முடித்துவிடுவார். அது பொய்யும் இல்லை. மந்திரி படிப்பார், மெம்பர் உட்காருவார், ஆவணி வந்துவிடும்.

யோசித்து யோசித்து இப்படி எழுதினேன்: '(அ) நெரிஞ்சனள்ளி மருந்தகம் எந்நேரமும் திறந்திருக்கிறது. (ஆ) உண்டு. (இ) கேள்வி எழவில்லை.'

ராவ் படித்துப் புருவத்தை உயர்த்தினார். "எந்நேரமுமா? ராத்திரியுமா?"

"ராத்திரியும்தான் சார். நானே பார்த்தேன்."

ஒத்திகைக்கு எழுந்து நின்றார். படித்தார். நான் மெம்பர். கேட்க வேண்டிய கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "மருந்தகத்துக்கு ஓடு வேய்ந்திருக்கிறதா?" என்று கேட்டேன். "ஆம்" என்றார். "மருந்துப் புட்டிகளுக்கு மூடி உண்டா?" என்றேன். "இன்னிக்கு உனக்கு என்னாச்சுப்பா? தூக்கமா?" என்று சொல்லிவிட்டு "ஆய்த்து" என்று கையெழுத்துப் போட்டார். அந்த மனிதரை அப்படி ஏமாற்றியது எனக்கு உறுத்தியது. ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது, மறைப்பானேன்.

சபை நடவடிக்கைகளை அச்சடித்துக் கச்சேரிக்கு அனுப்புவார்கள். பதினைந்து நாள் கழித்து வந்தது. மந்திரி என் வாக்கியத்தைப் பெருமையாகப் படித்திருந்தார். உடனே எங்கள் மெம்பர் எழுந்திருக்கிறார்.

மெம்பர்: அது எந்நேரமும் திறந்திருப்பதற்குக் காரணம், அதற்குக் கதவு இல்லாததுதானா?

மந்திரி: இதற்கு எனக்கு முன்கூட்டியே நோட்டீஸ் வேண்டும்.

இன்னொரு மெம்பர்: கதவு இல்லாத இடத்தில் நோட்டீஸை எங்கே ஒட்டுவது? (சிரிப்பு.)

மந்திரி: கவனிக்கப்படும்.

கதவில்லாத சங்கதியை மாதப்பன் மெம்பரிடம் சொல்லியிருப்பார் என்று நான் போட்ட கணக்குத் தப்பவில்லை என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நாலாம் நாள் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. சிரிப்பு போய்விட்டது. ராவ் என்னைக் கூப்பிட்டார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கெம்பம்மாளைப் பற்றியும் சொன்னேன். ராவ் நீலப் பென்சிலை மேஜைமேல் வைத்தார்.

"புட்டிக்கு மூடி இருக்கான்னு கேட்டயே," என்றார். "அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். ஹோகலி, போகட்டும். கையெழுத்துப் போட்டது நான்." விளக்கத்தை அவரே எழுதி, தம் கவனக்குறைவு என்று தலையில் போட்டுக்கொண்டார். அந்த வருஷம் டிப்டி கலெக்டர் பட்டியலுக்கு அவர் பெயர் போயிருந்தது. இந்த மெமோ அதற்குப் பின்னாலேயே போகும் என்று இருவருக்கும் தெரியும்.

சர்க்கார் கவனித்தது. இவ்வளவு சீக்கிரம் கவனித்து நான் பார்த்ததில்லை. வைகாசியில் நெரிஞ்சனள்ளிக்கு வண்டியில் வந்து இறங்கியது டாக்டர் இல்லை, நர்சம்மா இல்லை, கதவு. நல்ல வேங்கைமரக் கதவு. சபையில் கேட்டது கதவைப் பற்றி, வந்தது கதவு. அதில் தப்புச் சொல்ல முடியாது. கூடவே ஒரு பூட்டும் வந்தது. பூட்டு இருந்தால் சாவி பொறுப்பான அதிகாரியிடம் இருக்க வேண்டும் என்பது விதி. பொறுப்பான அதிகாரி அடுத்த ஊர் டாக்டர். அவர் மருந்தகத்தைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதுவரை ஆடுகளோடு பங்கு போட்டுக்கொண்டாவது மருந்து கொடுத்துவந்த கம்பவுண்டர் இப்போது கையில் கிடைத்த இரண்டு புட்டியோடு மரத்தடிக்குப் போனார்.

மாதப்பன் கச்சேரிக்கே வந்துவிட்டார். "கதவுக்கா சாமி இத்தன தூரம் போயிப் பேசுனாங்க? எம்மவளுக்குக் கதவு வேண்டாமுங்க. ஆளு வேணுமுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கெட்டிக்காரத்தனத்தால் இருந்த மருந்தகமும் போயிற்று. மாதப்பனிடம் நான் சொன்னது மெம்பர் வீடு இருக்கிற தெருவை மட்டும்தான். அது அவருக்கு ஏற்கனவே தெரியும் என்பது வேறு விஷயம்.

ஆடியில் மறுபடி சபை கூடியது, மறுபடி சிவப்புச் சீட்டு. (அ) நெரிஞ்சனள்ளி மருந்தகம் இப்போதும் எந்நேரமும் திறந்திருக்கிறதா? (ஆ) வைத்தியம் பார்க்க அங்கே டாக்டரோ மருத்துவச்சியோ உண்டா? (இ) இல்லையானால் ஏன்?

நான் பேனாவைத் தொடுவதற்குள் ராவ் காகிதத்தை வாங்கிக்கொண்டார். ஒரே மூச்சில் எழுதி முடித்து, எழுந்து அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். மந்திரியாக நின்று படித்தார்.

"(அ) இல்லை, பூட்டியிருக்கிறது. (ஆ) இல்லை. (இ) யாரையும் நியமிக்காததால்." பிறகு என்னைப் பார்த்து, "துணைக் கேள்வி கேளு" என்றார்.

நான் நின்றேன். எவ்வளவு துழாவியும் ஒன்றும் அகப்படவில்லை.

"கேட்க ஒண்ணும் இல்லை சார்."

"ஆய்த்து."

ஆனால் அன்றே அனுப்பவில்லை. இரண்டு நாள் மேஜைக்குள் பூட்டிவைத்தார். அனுப்பியிருந்தால் கலெக்டர் ஆபீஸில் யாராவது ஒரு புத்திசாலி உட்கார்ந்து, 'பூட்டியிருக்கிறது' என்பதைப் 'பாதுகாப்பாக இருக்கிறது' என்று மாற்றியிருப்பான். நானே அந்த இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். பதில் எங்கே என்று மேலேயிருந்து தந்தி வந்த பிறகு, ராவ் பதிலையும் தந்தியிலேயே கொடுத்தார். தந்தியைத் திருத்தி எழுத யாருக்கும் நேரமில்லை. வந்த வேகத்தில் மந்திரி கைக்குப் போய், அவரும் வந்ததை அப்படியே படித்துவிட்டார். அச்சான புத்தகத்தில், பதிலுக்குக் கீழே, துணைக் கேள்வியும் இல்லை, சிரிப்பும் இல்லை. பிறகு மந்திரி, பதினைந்து நாளில் ஒரு மருத்துவச்சியை நியமித்துச் சபைக்குத் தெரிவிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

ராவுக்கு மாற்றல் உத்தரவு மருத்துவச்சி வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது, கடலோரத்தில் ஏதோ ஒரு தாலுகாவுக்கு. டிப்டி கலெக்டர் பட்டியலில் பெயர் இல்லை. பஸ் ஏற்றிவிடப் போனேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டு நின்றேன். "மூஞ்சியை அப்படி வெச்சிண்டு நிக்காதே," என்றார். "இருபத்தெட்டு வருஷ சர்வீசுல, ஒரு பதில் எழுதிட்டு நிம்மதியாத் தூங்கினது அன்னிக்குத்தான்."

ஆவணி பத்தாம் தேதி வாக்கில் நர்சம்மா வந்தார். மேரி என்று பெயர், முப்பது வயதிருக்கும், கையில் ஒரு தகரப் பெட்டி. பொறுப்பேற்ற அறிக்கையில் கையெழுத்து வாங்கி அனுப்ப நானே கூடப் போனேன். ஊருக்குள் நுழையும்போதே எதிரே மாதப்பன் ஓடிவந்தார். கெம்பம்மாளுக்குக் காலையிலிருந்து வலி. கட்டிலோடு மருந்தகத்துக்குத் தூக்கிவந்துவிட்டார்கள், ஆனால் கதவு பூட்டியிருந்தது. சாவி அடுத்த ஊரில் இருந்தது.

நர்சம்மா பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னங்க இது? நான் மருத்துவம் பாக்க வந்தேனா, மரத்தடியில காத்துக் கெடக்க வந்தேனா? ஒரு கல்லெடுங்கய்யா யாராச்சும்."

சர்க்கார் சொத்துக்குச் சேதம் நேர்ந்தால் பார்த்த ஊழியன் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. எனவே நான் திரும்பி நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நாலைந்து சத்தம் கேட்டது. திரும்பியபோது கட்டில் உள்ளே போய்விட்டது.

அதற்கப்புறம் கழிந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி என்னால் நகைச்சுவையாக எழுத முடியவில்லை. குழந்தை தலை மேலும் கால் கீழுமாக இருந்ததாகப் பிறகு தெரிந்தது. கம்பவுண்டர் வெந்நீருக்கு ஓடிக்கொண்டிருந்தார். மாதப்பன் சுவரில் தலையைச் சாய்த்து நின்றார். மருமகன் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான். நான் என் பெண்டாட்டியை நினைத்துக்கொண்டு, கையிலிருந்த காகிதத்தை நாலாக எட்டாக மடித்தேன். உள்ளே ஒரு குழந்தை அழுதது. பிறகு கெம்பம்மாள் தண்ணீர் கேட்கிற குரல் கேட்டது. மாதப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து வாசலில் நின்று, "அம்மா, பொறுப்பேத்துக்கிட்ட கையெழுத்து..." என்றேன்.

"கை காலியில்லைங்க. நீங்களே எழுதி வெய்யுங்க, அப்புறமாப் போடறேன்."

முழங்காலில் வைத்து எழுதினேன். மருத்துவச்சி வந்து பொறுப்பேற்றார், முற்பகல். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கை நிற்கவில்லை. 'பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்' என்று சேர்த்தேன். அதற்கு அந்த அறிக்கையில் இடம் கிடையாது. ஓரத்தில் நுணுக்கி எழுதினேன்.

யாராவது அடித்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். நீலப் பென்சில்காரர் இருந்திருந்தால் அடித்திருப்பார். புதிய தாசில்தார் படிக்காமல் கையெழுத்திட்டார். கலெக்டர் ஆபீஸில் பார்த்து எழுதினார்கள். இலாகாவில் பார்த்து எழுதினார்கள். மந்திரி சபையில் எழுந்து, "நெரிஞ்சனள்ளியில் மருத்துவச்சி பொறுப்பேற்றார். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்" என்று படித்திருக்கிறார்.

ஒரு மெம்பர்: மருத்துவச்சிக்கா குழந்தை?

மந்திரி: நோட்டீஸ் வேண்டும். (பெருத்த சிரிப்பு.)

அச்சான புத்தகம் வந்த அன்று மாதப்பன் சாமை மூட்டையோடு சந்தைக்கு வந்திருந்தார். கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். இரண்டுமுறை படிக்கச் சொன்னார். முகம் மலரும் என்று பார்த்தால், சுருங்கிப்போனது.

"எம்பேத்தியக் கொண்டுபோயி நர்சம்மா கணக்குல எழுதிப்புட்டாங்களே சாமி. எம்பேரும் இல்ல, கெம்பம்மா பேரும் இல்ல. நாளைக்கு யாராச்சும் படிச்சா என்ன நெனைப்பாங்க?"

"அது சும்மா புஸ்தகம் மாதப்பா. யாரும் படிக்கமாட்டாங்க."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். "மெம்பரு வூடு வரைக்கும் போயிட்டு வந்துடறனுங்க. இன்னொரு கேள்வி போடச் சொல்லணும்."